காற்றை அளந்தவர்

1902ஆம் ஆண்டின் கோடைக்காலம். நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில் தாள்கள் கட்டுக் கட்டாக வீணாகிக்கொண்டிருந்தன. வண்ணப் படங்கள் நிறைந்த 'ஜட்ஜ்' என்னும் வார இதழ் அங்கேதான் அச்சானது. அந்தக் காலத்தில் ஒரு வண்ணப் படத்தை அச்சிட ஒரே தாளைப் பலமுறை இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு முறை மஞ்சள், அடுத்த முறை சிவப்பு, பிறகு நீலம். இடைப்பட்ட நேரத்தில் காற்றில் ஈரம் கூடினால் தாள் சற்றே விரிந்தது; ஈரம் குறைந்தால் சுருங்கியது. அந்த மயிரிழை அளவு மாற்றமே போதும், ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறம் சரியாகப் பொருந்தாமல் விலகிவிடும். மையும் உரிய நேரத்தில் உலர மறுத்தது. இதழ் வெளிவர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அச்சகத்தார் இந்தச் சிக்கலை பஃபலோ ஃபோர்ஜ் என்னும் நிறுவனத்திடம் கொண்டுசென்றனர். பெரிய விசிறிகளையும் கட்டடங்களைச் சூடாக்கும் கருவிகளையும் செய்துவந்த நிறுவனம் அது. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அந்நிறுவனத்திடம் இல்லை. வேறெவரிடமும் அது இருக்கவில்லை. நிறுவனம் அந்த வேலையை 25 வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் கல்லூரிப் படிப்பை முடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவர் பெயர் வில்லிஸ் கேரியர்.

கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்னும் சிற்றூரில், ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தவர் எவரும் இல்லை. பெரியவர்கள் நிறைந்த வீட்டில் அவர் ஒருவரே சிறுபிள்ளை. தாயார் எலிசபெத் கைத்திறன் மிக்கவர். ஓடாமல் நின்றுபோன கடிகாரத்தையும் பழுதான தையல் இயந்திரத்தையும் அவரே பிரித்துச் சரிசெய்துவிடுவார்.

பள்ளியில் பின்னக் கணக்கு கேரியருக்குப் புரியவில்லை. மகனின் திணறலைக் கண்ட தாயார் அவரைத் திட்டவில்லை; நிலவறையிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய ஆப்பிள்களை எடுத்துவரச் சொன்னார். ஓர் ஆப்பிளை இரண்டாக வெட்டச் சொன்னார். இன்னொன்றை நான்காக, மற்றொன்றை எட்டாக. பிறகு துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் கூட்டல் கழித்தல் செய்ய வைத்தார். தாளில் எண்களாக மிரட்டிய பின்னம் கைக்குள் அடங்கும் துண்டுகளாக மாறியது. பெரிய சிக்கலைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்க்கும் அந்தப் பழக்கம் வாழ்நாள் முழுவதும் தமக்கு உதவியதாகக் கேரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆனால் பாடம் சொல்லித்தந்த தாயார் நெடுநாள் உடனிருக்கவில்லை. கேரியருக்கு 11 வயது இருக்கும்போதே அவர் காலமானார்.

1890களில் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி கேரியரின் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. உயர்நிலைப் படிப்பை முடித்த கேரியர், கல்லூரிக்குச் செல்லப் பணமின்றிச் சில காலம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு போட்டித் தேர்வு எழுதி உபகாரச் சம்பளம் பெற்று, 1897இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புக் கட்டணம் போக மற்றச் செலவுகளுக்கு அவரே வழிதேட வேண்டியிருந்தது. புல் வெட்டினார், வீடுகளின் கணப்பு அடுப்புகளைக் கவனித்துக்கொண்டார், மாணவர்களின் துணிகளைச் சேகரித்துச் சலவைக்கு அனுப்பும் சிறுதொழிலையும் ஒரு நண்பருடன் சேர்ந்து நடத்தினார். 1901இல் பொறியியல் பட்டம் பெற்றதும் பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் வாரத்திற்கு 10 டாலர்.

அங்கே அவருக்குக் கிடைத்த தொடக்க வேலைகள் மரப்பலகைகளையும் காப்பிக் கொட்டைகளையும் உலர்த்தும் வெப்பக் கருவிகளை வடிவமைப்பது. வடிவமைக்க உட்கார்ந்தவர் திகைத்துப்போனார். நீராவி ஓடும் குழாய்களின்மீது காற்றைச் செலுத்தினால் அந்தக் காற்று எவ்வளவு வெப்பத்தை ஏற்கும்? இந்த எளிய கேள்விக்கு நம்பத்தகுந்த விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொறியாளர்கள் அனுபவத்தை வைத்துத் தோராயமாக ஓர் அளவைச் சொல்வார்கள். அந்த அளவு போதாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். இதைப் பாதுகாப்பு அளவு என்று அழைத்தார்கள். உண்மையில் அது அறியாமைக்கு வைத்த அழகான பெயர்தான். தேவையைவிடப் பெரிய கருவியை வாங்கியவர் அதற்கும் விலை கொடுத்தார். அதை இயக்குவதற்கும் ஆண்டுதோறும் கூடுதலாக எரிபொருள் செலவிட்டார்.

கேரியருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அலுவலக வேலை முடிந்த பிறகு மாலை நேரங்களில் அவரே சோதனைகளைச் செய்தார். காற்றின் வேகத்தை மாற்றினார். குழாய்களின் எண்ணிக்கையை மாற்றினார். உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் குறித்து அட்டவணைகளாகத் தொகுத்தார். அந்த அட்டவணைகளைப் பார்த்தால் ஒரு கட்டடத்திற்கு எத்தனை குழாய் வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மூத்தவர்களின் மதிப்பீடுகளை மறுப்பது எளிதான காரியமல்ல. ஆனால் அந்த எண்களைப் பயன்படுத்தியதால் நிறுவனத்திற்கு ஒரே குளிர்காலத்தில் சுமார் 40,000 டாலர் மிச்சமானதாகக் கூறப்படுகிறது. வாரம் 10 டாலர் வாங்கிய இளைஞருக்கு அதன்பின் ஒரு சிறிய ஆய்வுக்கூடமே கிடைத்தது.

புருக்ளின் அச்சகத்தின் சிக்கல் வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். காற்றைக் குளிரச் செய்வது அப்போது புதுமையன்று. பனிக்கட்டிகளின்மேல் விசிறியால் காற்றை வீசும் வழக்கம் முன்பே இருந்தது. அச்சகத்துக்குத் தேவைப்பட்டது வேறு. கோடையானாலும் குளிர்காலமானாலும், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், அறையின் ஈரப்பதம் எப்போதும் 55 விழுக்காடாகவே இருக்க வேண்டும்.

கேரியர் முதலில் உப்புக் கரைசலில் நனைத்த சாக்குத் துணியின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். உப்பு ஈரத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் காற்றோடு உப்பும் கலந்து வந்ததால் அச்சு இயந்திரங்கள் துருப்பிடித்துவிடும். அந்த வழியைக் கைவிட்டு, தாம் நன்கு அறிந்த குழாய்களிடமே திரும்பினார். சூடான நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரைக் குழாய்களில் ஓடவிட்டால் என்ன? குளிர்பானக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். குவளையைத் தொட்ட காற்று குளிர்ந்து, தன்னிடமிருந்த ஈரத்தைத் துளிகளாக விட்டுவிடுகிறது. குளிர்ந்த குழாய்களும் காற்றிலிருந்து அவ்வாறே ஈரத்தைப் பிரித்தெடுக்கும். குழாயின் குளிர் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு என்பதைச் சரியாகக் கணக்கிட்டால், எஞ்சும் ஈரத்தின் அளவையும் முன்கூட்டியே முடிவுசெய்யலாம். அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு கேரியர் கணக்குப் போட்டார். அவர் வரைந்த வரைபடங்களில் உள்ள நாள் 1902 ஜூலை 17. நவீனக் குளிரூட்டியின் பிறந்தநாளாக இன்றும் குறிப்பிடப்படும் நாள் அதுதான்.

அந்த அமைப்பில் ஒரு பகுதிக் குழாய்களுக்குக் கிணற்றிலிருந்து குளிர்ந்த நீர் வந்தது. மறுபகுதியை அம்மோனியா வாயுவால் இயங்கும் குளிர்ப்பதன இயந்திரம் குளிர்வித்தது. இலவசமாகக் கிடைக்கும் கிணற்று நீரின் குளிர்ச்சியை முதலில் பயன்படுத்திக்கொண்டு, மிச்ச வேலைக்கு மட்டும் இயந்திரத்தை ஓட்டும் ஏற்பாடு அது. மொத்தக் குளிர்ச்சி நாளொன்றுக்கு 108,000 பவுண்டு பனிக்கட்டி உருகுவதற்கு ஈடானது. ஏறத்தாழ 49,000 கிலோகிராம் என்று சொல்லலாம்.

பனிக்கட்டியைக் கொண்டு குளிர்ச்சியை அளக்கும் அந்தப் பழைய வழக்கம் இன்றும் மறையவில்லை. கடைகளில் குளிரூட்டி வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்று பேசக் கேட்டிருப்போம். அது இயந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை, அதே 24 மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றல்தான் ஒரு டன். மின் அளவில் சொன்னால் அது சுமார் 3.5 கிலோவாட். புருக்ளின் அச்சகத்தில் இருந்தது 54 டன். இன்றைய வீட்டுப் படுக்கையறை ஒன்றுக்கு ஒரு டன்னுக்கும் குறைவானதே பெரும்பாலும் போதும்.

அதே ஆண்டின் இறுதியில் ஒரு குளிர்கால இரவு. பிட்ஸ்பர்க் நகர ரயில் நிலையத்தில் கேரியர் ரயிலுக்காகக் காத்திருந்தார். மேடை முழுவதும் மூடுபனி. எதிரே நிற்பவர் தெரியவில்லை. மற்றவர்கள் ரயில் தாமதமாகும் என்று சலித்துக்கொண்டிருந்திருப்பார்கள். கேரியர் மூடுபனியையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று தன்னால் ஏற்க முடிந்த அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் மிச்ச ஈரம் பனியாக மிதக்கிறது. ஆனாலும் குளிர் மிகுதியால் அந்தக் காற்றில் உள்ள மொத்த ஈரம் குறைவே. அப்படியானால், குளிர்ந்த நீரைத் தூவிச் செயற்கையாக மூடுபனியை உண்டாக்கி, அதன் வெப்பநிலையை மட்டும் கட்டுப்படுத்தினால், காற்றில் எவ்வளவு ஈரம் தங்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் அல்லவா?

தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவதா என்று கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. நீரின் குளிர்ச்சி போதுமான அளவு இருந்தால், காற்றின் ஈரம் அந்த நீர்த்துளிகளின்மேலேயே படிந்து பிரிந்துவிடும். அதோடு தூசியும் கழுவப்பட்டுவிடும். இந்தக் கருவிக்குக் கேரியர் 1904இல் விண்ணப்பித்து, 1906 ஜனவரி 2ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் நெசவாலைப் பொறியாளர் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லை உருவாக்கினார். கேரியரின் கருவிக்கு உலகம் அந்தச் சொல்லையே பெயராக ஏற்றுக்கொண்டது.

நெசவாலைகள், மருந்துத் தொழிற்சாலைகள், புகையிலை ஆலைகள், மிட்டாய் ஆலைகள் எனக் கேரியரின் கருவியைத் தேடி வந்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவர்கூட மனிதர்களின் வசதிக்காகக் கேட்கவில்லை. நூல் அறுந்துவிடக் கூடாது. மாத்திரை கசியக் கூடாது. சாக்லேட் வெளுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான். ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த இதமான காற்று தற்செயலாக வந்த நன்மை.

1911இல் கேரியர், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் கூட்டத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். காற்றின் வெப்பம், அதிலுள்ள ஈரம், அந்த ஈரத்தில் ஒளிந்திருக்கும் வெப்பம் ஆகியவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபட்டவை என்பதைச் சூத்திரங்களாகவும் ஒரு வரைபடமாகவும் அவர் தந்தார். ஒரே தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அதில் ஒரு புள்ளியைக் குறித்தால் அந்தக் காற்றைப் பற்றிய எல்லாச் செய்திகளும் தெரிந்துவிடும். குளிரூட்டும் துறையே இந்தத் தாளின்மேல்தான் எழுந்தது. மாலை நேரத்தில் தனியாக எண்களைக் குறித்துவந்த இளைஞரின் பழக்கம் ஒரு துறைக்கே அளவுகோலாக மாறிவிட்டது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில் அவர் நின்ற தரை ஆட்டம் கண்டது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனம் செலவைக் குறைக்க எண்ணி, பொருள் தயாரிப்போடு நின்றுகொள்ள முடிவெடுத்தது. பொறியியல் பணியை நம்பியிருந்தவர்களுக்கு எதிர்காலம் கேள்விக்குறியானது. கேரியரும் அவருடைய நண்பர்கள் அறுவரும் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். சேமிப்பையெல்லாம் ஒன்றுசேர்த்து 32,600 டாலரைத் திரட்டினார்கள். 1915 ஜூன் மாதம் கேரியர் பொறியியல் நிறுவனம் பிறந்தது. போர்க்காலத்தில் பொறியாளர்கள் கைக்காசைப் போட்டுத் தொடங்கிய நிறுவனம் அது. தோற்றிருந்தால் ஏழு குடும்பங்களும் நடுத்தெருவில் நின்றிருக்கும்.

இதற்கிடையே வீடுகளுக்கும் குளிரூட்டி வரத் தொடங்கியிருந்தது. மினியாபொலிஸ் நகரில் சார்ல்ஸ் கேட்ஸ் என்னும் செல்வந்தர் கட்டிய மாளிகையில் 1914இல் பொருத்தப்பட்டதே வீட்டுக்கான முதல் குளிரூட்டி என்பர். அதன் உயரம் 7 அடி, அகலம் 6 அடி, நீளம் 20 அடி. இன்றைய வீடுகளில் ஓர் அறையே அந்த அளவுதான் இருக்கும். மாளிகை முழுமையடையும் முன்பே கேட்ஸ் 1913இல் காலமாகிவிட்டார். வீடு முழுவதையும் ஒரே இயந்திரத்தால் குளிரச் செய்வது கோடீஸ்வரர்களால் மட்டுமே இயலும் என்பதை அந்த இயந்திரத்தின் உருவமே எடுத்துச் சொன்னது.

இயந்திரம் சிறுக்க வேண்டும். மின்செலவு குறைய வேண்டும். அம்மோனியா போன்ற நச்சு வாயு போக வேண்டும். கேரியர் இந்த மூன்றையும் எண்ணியே 1920களின் தொடக்கத்தில் உழைத்தார். முன்னும் பின்னும் அசையும் கனத்த உந்துதண்டுகளுக்குப் பதிலாக, வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு குளிர்பொருளை அழுத்தும் புதிய இயந்திரத்தை 1922இல் அறிமுகப்படுத்தினார். இது குறைந்த இடத்தில் அடங்கியது, பாதுகாப்பாகவும் இருந்தது. 1924இல் டிட்ராய்ட் நகரின் ஹட்சன் பேரங்காடியில் இப்படிப்பட்ட மூன்று இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. மலிவு விற்பனை நடக்கும் கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்கள் வெப்பத்தால் மயங்கி விழுந்துகொண்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது.

ஆனால் மக்களுக்குக் குளிரூட்டியை உண்மையில் அறிமுகப்படுத்தியவை திரையரங்குகளே. சில அரங்குகளில் அதற்கு முன்பே குளிர்காற்று இருந்தது. அது இருக்கைகளின் அடியிலிருந்து வந்ததால் மேலே வியர்த்தது, கீழே கால்கள் விறைத்தன. பார்வையாளர்கள் கால்களில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்களாம். கேரியரின் குழுவினர் குளிர்காற்றைக் கூரையிலிருந்து இறங்கவிட்டு, தரையின் வழியாகத் திரும்ப எடுத்தார்கள். அதோடு மற்றொரு மாற்றமும் செய்தார்கள். அதுவரை, ஈரத்தை நீக்குவதற்காகக் காற்று முழுவதையும் மிகவும் குளிர்வித்துவிட்டு, ஆட்கள் தாங்கும்படி அதையே மீண்டும் சூடாக்குவது வழக்கம். குளிர்விக்கவும் செலவு, சூடாக்கவும் செலவு. புதிய அமைப்பில் ஒரு பகுதிக் காற்றை மட்டும் குளிர்வித்து, அரங்கிலிருந்து திரும்பிவரும் இளஞ்சூட்டுக் காற்றோடு கலந்தார்கள். சூடாக்கத் தனியாக எரிபொருள் தேவைப்படவில்லை. இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் கேரியருடன் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய எழுவருள் ஒருவரான லோகன் லூயிஸ்.

1925 மே மாத இறுதியில் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் இந்த அமைப்பு இயங்கத் தொடங்கியது. அன்று கேரியரின் பெயர் பணயம் வைக்கப்பட்டிருந்தது என்றே சொல்ல வேண்டும். பாரமவுண்ட் திரைப்பட நிறுவனத்தின் தலைவர் அடால்ஃப் சூக்கர் மாடியில் வந்து அமர்ந்திருந்தார். வெளியே கடும் வெப்பம். இயந்திரத்தை இயக்குவதில் தாமதமாகிவிட்டது. கதவுகள் திறந்ததும் அரங்கம் நிரம்பியது. அத்தனை பேரின் கைகளிலும் விசிறிகள். கேரியரும் அவருடைய நண்பர்களும் கவலையோடு விசிறிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிறிது சிறிதாகக் காற்று குளிர்ந்தது. முதலில் வழக்கமாக விசிறுபவர்களின் கைகள் ஓய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக எல்லா விசிறிகளும் மடியில் இறங்கின. நிகழ்ச்சி முடிந்ததும் கீழே வந்த சூக்கர், மக்களுக்கு இது பிடிக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் நூற்றுக்கணக்கான திரையரங்குகள் குளிர்ந்தன.

திரையரங்கில் இதம் கண்டவர்கள் வீட்டிலும் அதை விரும்புவார்கள் என்று கேரியர் கணக்கிட்டார். 1928இல் 'வெதர்மேக்கர்' என்னும் வீட்டுக் குளிரூட்டியை அவருடைய நிறுவனம் வெளியிட்டது. கேட்ஸ் மாளிகையில் இருந்ததோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ஆனால் மறு ஆண்டே அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. வேலையிழந்து வாடியவர்கள் குளிர்காற்றை எங்கே வாங்குவார்கள்? 1930இல் நிறுவனம் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து கேரியர் கார்ப்பரேஷன் ஆயிற்று. 1937இல் சிராக்கியூஸ் நகருக்கு இடம்பெயர்ந்து செலவுகளை ஒடுக்கியது. 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு போன்ற அரங்கொன்றை அமைத்து மக்களை ஈர்த்தது. பிறகு மீண்டும் போர் வந்தது. வீட்டுக் குளிரூட்டியின் பேச்சு அடங்கிப்போனது.

இரண்டாம் உலகப்போரின்போது கேரியர் செய்த வேலையும் காற்றைப் பற்றியதே. விமானங்கள் மிக உயரத்தில் பறக்கும்போது எதிர்கொள்ளும் கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து நகரில் அமைந்த சோதனைக் காற்றுச்சுரங்கத்தில் வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே 55 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவரும் அமைப்பை அவர் வடிவமைத்தார். தம் சாதனைகளுள் அதையே அவர் பெரிதாகக் கருதினார்.

போருக்குப் பின் அமெரிக்கர்கள் புதுவீடுகள் கட்டத் தொடங்கியபோது கேரியரின் உடல்நலம் குன்றிவிட்டது. 1950 அக்டோபர் 7ஆம் நாள், 73ஆம் வயதில் அவர் காலமானார். தம் கண்டுபிடிப்பு சாதாரண வீடுகளுக்குள் நுழைவதை அவர் முழுமையாகப் பார்க்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அமெரிக்காவில் சிறுபான்மை வீடுகளில்தான் குளிரூட்டி இருந்தது. இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை வீடு முழுவதற்கும் குழாய் வழியே காற்றை அனுப்பும் ஒரே மைய இயந்திரத்தைக் கொண்டவை. வெப்பமண்டல நாடுகளிலும் அது வாழ்க்கையை மாற்றியது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, நாட்டின் வளர்ச்சிக்குத் துணைநின்ற கண்டுபிடிப்புகளுள் குளிரூட்டிக்குத் தனியிடம் தந்தார்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. உலகில் பயன்படும் மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் குளிரூட்டிகளும் மின்விசிறிகளும் எடுத்துக்கொள்வதாக அனைத்துலக எரிசக்தி அமைப்பு 2018இல் கணக்கிட்டது. 1930களில் பாதுகாப்பானவை எனக் கொண்டாடப்பட்ட குளிர்வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பது பின்னர் தெரியவந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, வீட்டுக்குக் குளிரூட்டி வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்க்காமல் அது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்றும் கேட்கத் தொடங்கினார்கள். குளிரூட்டி புதிதாகக் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தச் சுமையைத் தூக்க எவ்வளவு மின்சாரம் கூலியாகக் கேட்கிறது என்பதே அதன் திறன். ஒரு டன் அளவுள்ள இரண்டு இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1.2 கிலோவாட் மின்சாரத்தில் ஓடுகிறது, மற்றொன்று 0.8 கிலோவாட்டில் அதே வேலையைச் செய்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால், முதலாவது 9.6 யூனிட் செலவழிக்கும், இரண்டாவது 6.4 யூனிட். ஓராண்டில் வேறுபாடு 1,168 யூனிட். விலை சற்றுக் கூடுதலானாலும் இரண்டாவது இயந்திரம் அந்தப் பணத்தைச் சில ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடக்கூடும். சிங்கப்பூரில் குளிரூட்டிகளின்மேல் காணப்படும் சரிக்குறிகளும், மலேசியாவில் காணப்படும் நட்சத்திரங்களும் இந்தக் கணக்கைத்தான் சுருக்கிச் சொல்கின்றன.

ஆனால் நட்சத்திரம் மட்டும் போதாது. இங்கேதான் பஃபலோ ஃபோர்ஜில் கேரியர் எதிர்த்த பழைய பழக்கம் மீண்டும் தலைகாட்டுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று தேவையைவிடப் பெரிய குளிரூட்டியை வாங்குவோர் இன்றும் பலர். பெரிய இயந்திரம் அறையைச் சில நிமிடங்களில் குளிரச் செய்துவிட்டு நின்றுவிடும். சற்று நேரத்தில் மீண்டும் ஓடும். ஈரம் குழாய்களில் படிந்து வடியச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்தை அது தருவதில்லை. விளைவு, அறை சில்லென்று இருக்கும், உடலோ பிசுபிசுக்கும். பிசுபிசுப்புத் தாங்காமல் வீட்டார் வெப்பநிலையை இன்னும் குறைப்பார்கள், மின்கட்டணம் ஏறும். வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்றைய இயந்திரங்கள் இந்தக் குறையை ஓரளவு தணிக்கின்றன. முழுமையாகப் போக்குவதில்லை.

ஆகவே தேர்ந்த பொறியாளர் எவரும் கடையில் உள்ள இயந்திரத்தைப் பார்த்துத் தொடங்க மாட்டார். முதலில் வீட்டைப் பார்ப்பார். சன்னல் மேற்கே இருக்கிறதா? மேலே கூரையா, இன்னொரு வீடா? அறையில் எத்தனை பேர் உறங்குவார்கள்? கதவிடுக்கில் வெளிக்காற்று எவ்வளவு நுழையும்? சன்னலுக்குத் திரையிட்டு இடுக்குகளை அடைத்தாலே, சிறிய இயந்திரம் போதும் என்ற முடிவுக்குச் சில வீடுகளில் வர முடிகிறது. அதன்பின் வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கேரியரின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிப்பார். சிங்கப்பூர், மலேசியப் பிற்பகல் காற்று அதில் வலப்பக்கத்தில், நன்றாக மேலே விழும். நமக்கு இதமான அறைக்காற்றின் புள்ளி அதற்கு இடப்பக்கத்தில், கீழே இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கொண்டு, எவ்வளவு வெப்பத்தையும் எவ்வளவு நீரையும் நீக்க வேண்டும் என்பதைக் கணக்கிடுவார். இப்போது அந்தக் கணக்கைக் கணினி போடுகிறது. கோடுகள் 1911இல் கேரியர் காட்டிய வழியிலேயே ஓடுகின்றன.